இற்றுப்போன நிலைக்கால்: அடைப்பதா, ஒட்டுப் போடுவதா, மாற்றுவதா?

பின்வாசல் நிலைக்குப் பெயின்ட் அடித்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பார்க்கப் புதுசு மாதிரிதான் இருந்தது. தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் மட்டும் பெயின்ட் லேசாகச் சுருங்கியிருந்தது. ஸ்க்ரூடிரைவர் முனையை அங்கே வைத்து அழுத்தினேன். தடுப்பே இல்லாமல் பிடி வரைக்கும் உள்ளே போனது. வெளியே இழுத்தால் முனையில் மூக்குப்பொடி நிறத்தில் ஈரத் தூள். அந்த இடத்தில் மரமே இல்லை, பெயின்ட் தோல்தான் நிலைக்காலாக நின்றுகொண்டிருந்தது.

அடுத்த வாரத்துக்குள் மூன்று பேர் வந்து பார்த்தார்கள். ஒருவர், "எப்பாக்சி வச்சு அடைச்சிடலாம், அரை நாள் வேலை" என்றார் (எப்பாக்சி என்பது இரண்டு பொருளைக் கலந்ததும் இறுகிக் கெட்டியாகும் பிசின்). இன்னொருவர், "பழைய மரமெல்லாம் இனி நிக்காது சார், மொத்தமா எடுத்துட்டு யுபிவிசி போட்டுடுங்க" என்றார் (யுபிவிசி என்றால் கெட்டிப் பிளாஸ்டிக் சட்டம்). மூன்றாவதாக வந்த வயதான தச்சர் ஒன்றும் சொல்லவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, நிலைக்காலை விரல் முட்டியால் கீழிருந்து மேலாகத் தட்டிக்கொண்டே போனார். முழங்கால் உயரத்தில் சத்தம் மாறியது. அங்கே பென்சிலால் ஒரு கோடு போட்டார். "இதுக்கு மேல மரம் கல்லு மாதிரி இருக்கு. கீழ மட்டும் வெட்டிட்டு ஒட்டுப் போட்டா போதும்."

மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. அவரவருக்குக் கைவந்த வேலையைச் சொன்னார்கள். ஈரக்காற்று அதிகமுள்ள இடத்தில் பழைய வீடு வைத்திருக்கும் எல்லோரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து நிற்கத்தான் வேண்டும். அப்படி நிற்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய மரத்தில் எவ்வளவு நல்ல பகுதி மிச்சமிருக்கிறதோ அவ்வளவையும் காப்பாற்ற வேண்டும் என்பது என் கட்சி. ஆனால் அது எல்லா இடத்திலும் நடக்காது. எங்கே நடக்காது என்பதையும் சொல்கிறேன்.

## எதை வைத்து முடிவெடுப்பது

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மற்ற எந்தக் கேள்வியையும் விட இதுதான் முக்கியம். மரம் நனைந்த உடனே கெட்டுவிடாது. நனைந்தது காய வழியில்லாமல் கிடந்தால்தான் கெடும். மரத்தை அரிக்கும் பூஞ்சை வேலையைத் தொடங்க, உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறைய 26 முதல் 30 சதவீதம் ஈரம் தேவை. 20 சதவீதத்துக்குக் கீழே வைத்துக்கொண்டால் பயமில்லை என்பது நடைமுறைக் கணக்கு.

இப்போது இன்னொரு கணக்கையும் பாருங்கள். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருக்கும் இடத்தில், மழைத்தண்ணீர் படாத மரம் 16 சதவீதத்தை ஒட்டி நிற்கும். காற்று 90 சதவீதத்துக்குப் போனால் மரம் 20ஐத் தொடும். ஆக, ஈரக்காற்று மட்டுமே ஒரு நிலைக்காலை இற்றுப்போக வைப்பது அரிது. எங்கோ ஓரிடத்தில் தண்ணீர் நேராக மரத்துக்குள் போகிறது. ஈரக்காற்று செய்யும் கெடுதல் வேறு: உலர்ந்த ஊரில் நனைந்த மரம் சீக்கிரம் காய்ந்துவிடும், இங்கே காயாது. 10 சதவீதத்தில் நிற்கும் மரத்துக்கு ஒரு கசிவைத் தாங்க நிறைய இடம் இருக்கிறது. 16இல் நிற்கும் மரத்துக்கு அந்த இடம் இல்லை.

பெரும்பாலும் தண்ணீர் வரும் வழிகள் இவைதான்: அஸ்திவாரத்திலிருந்து சுவரில் ஏறும் ஈரம், கூரை ஓரத்திலிருந்து விழுந்து தரையில் பட்டுத் தெறிக்கும் மழை, உள்பக்கமாகச் சரிந்துவிட்ட ஜன்னல் கீழ்ச்சட்டம், குளியலறைச் சுவர், சுண்ணாம்புப் பூச்சை எடுத்துவிட்டு நிலையை ஒட்டிப் பூசிய சிமென்ட். கடைசியாகச் சொன்னதைப் பலர் கவனிப்பதில்லை. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன்மேல் சிமென்டைப் பூசினால், வெளியே போக வேண்டிய ஈரம் பக்கத்தில் இருக்கும் மரத்துக்குள் போகும்.

ஈரம் சுவரிலிருந்து வருகிறதா, காற்றிலிருந்தா என்று சந்தேகமாக இருந்தால், ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் துளிகள் நின்றால் சுவரிலிருந்து. முன்பக்கம் நின்றால் காற்றிலிருந்து.

எவ்வளவு தூரம் கெட்டிருக்கிறது, எந்த இடத்தில்? கூர்முனையால் ஒரு விரற்கடை இடைவெளியில் குத்திக்கொண்டே போங்கள். பிறகு முனையை நார்ப்போக்குக்குக் குறுக்கே சாய்த்து இறக்கிக் கொஞ்சம் நெம்புங்கள். நல்ல மரம் நீளமான சிம்பாகப் பிளந்து எழும். கெட்ட மரம் சத்தமே இல்லாமல் துண்டாக ஒடியும். இரண்டு சட்டங்கள் சேரும் இணைப்பில் கெட்டிருந்தால் அதை நடுவில் கெட்டதைப்போல எண்ணக்கூடாது. நடுவில் ஒரு பள்ளம் விழுந்தால் சட்டம் இன்னும் சட்டம்தான். இணைப்பு போனால் அது வெறும் இரண்டு கட்டை.

சுமை தாங்குகிறதா? பல பழைய வீடுகளில் நிலைக்கு மேலே தனி விட்டம் இருக்காது. மேல்சட்டமே சுவரைத் தாங்கிக்கொண்டிருக்கும். இதைப் பார்க்காமல் நிலையைப் பெயர்த்தால் மேலே சுவர் விரிசல் விடும், சில சமயம் இறங்கியும் விடும்.

பூஞ்சையா, பூச்சியா? மரம் சதுரம் சதுரமாக வெடித்துப் பழுப்பாக இருந்தால், அல்லது வெளுத்து நார்நாராக இருந்தால் பூஞ்சை. மண் குழாய் ஏறியிருந்தால் தரைவழியாக வரும் கரையான். மண்ணே இல்லாமல் கசகசா அளவில் ஆறு பட்டையுள்ள சிறு மணிகள் கொட்டினால் உலர்மரக் கரையான். மாவு மாதிரி மெல்லிய தூள் கொட்டினால் உளுவண்டு. கரையானை விரட்டாமல் செய்யும் எந்த மரவேலையும் அதற்குப் போடும் தீனிதான்.

யார் செய்யப்போகிறார்கள், அப்புறம் யார் பார்த்துக்கொள்ளப்போகிறார்கள்? நல்ல ஒட்டுப் போடும் கை எல்லா இடத்திலும் கிடைக்காது. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடக்கும் வீட்டுக்கும், தினமும் ஜன்னல் திறக்கும் வீட்டுக்கும் ஒரே பதில் பொருந்தாது.

## வழி 1: எப்பாக்சி வைத்து அடைப்பது

இதில் இரண்டு கட்டம். முதலில் தண்ணீர் போல ஓடும் எப்பாக்சியை நைந்த மரத்தில் ஊற விட்டு இறுக வைப்பது. அப்புறம் கெட்டியான எப்பாக்சி மாவை நிரப்பி, இறுகியதும் இழைத்து வடிவம் கொண்டுவருவது. சரியாகச் செய்தால் நிற்கும். சித்திர வேலைப்பாடுள்ள சட்டத்தில் கைப்பிடி அளவு கெட்டிருந்தால், வடிவத்தைத் திரும்பக் கொண்டுவர இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சிக்கல் எல்லாம் ஈரத்தில்தான். எப்பாக்சி ஈர மரத்தில் பிடிக்காது. மரம் 18 சதவீதத்துக்குக் கீழே வந்தால் நல்லது. ஈரக்காற்றில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். "அரை நாள் வேலை" என்பவர் இந்தக் காத்திருப்பைக் கணக்கில் சேர்ப்பதில்லை. வெயில் காலத்தில் கலவை டப்பாவிலேயே சூடேறி இறுகிவிடும், அதனால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கலக்க வேண்டும். ஈரமான நாளில் இறுகும்போது மேலே மெழுகு போல ஒரு பிசுக்குப் படியும். அதைத் தண்ணீரால் கழுவித் துடைக்காமல் அடுத்த பூச்சோ பெயின்டோ அடித்தால் உரிந்து வரும். சூரிய ஒளி பட்டால் எப்பாக்சி பொடிந்துபோகும், மேலே பெயின்ட் இல்லாமல் விடக்கூடாது.

இன்னொன்று கண்ணுக்குத் தெரியாதது. மரம் பருவத்துக்குப் பருவம் விரியும், சுருங்கும். எப்பாக்சி அசையாது. பெரிய பள்ளத்தை நிரப்பினால், சில வருடத்தில் இரண்டும் சேரும் விளிம்பில் முடி அளவு விரிசல் விழும். தண்ணீர் அந்த வழியாக உள்ளே போகும், திரும்பி வர வழியிருக்காது. ஆழம் குறைவு, சுற்றிலும் நல்ல மரம், சுமை இல்லை, தண்ணீரை நிறுத்தியாகிவிட்டது என்ற நான்கும் சேர்ந்தால்தான் இது என் தேர்வு. நிலைக்காலின் அடிக்கு வேண்டாம்.

சாதாரண லப்பத்தையும் சிமென்டையும் இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். எங்கள் பின்வாசல் நிலையில் முந்தின வருடம் பெயின்ட் அடிக்க வந்தவர், கெட்ட இடத்தைச் சுரண்டாமல் லப்பம் வைத்து மூடி, தேய்த்து, மேலே இரண்டு கோட் அடித்திருந்தார். ஈரம் உள்ளே அடைபட்டது. கைப்பிடி அளவாக இருந்த கெடுதல் ஒரே மழைக்காலத்தில் முழங்கால் வரை ஏறிவிட்டது.

## வழி 2: கெட்டதை வெட்டி ஒட்டுப் போடுவது

பழைய வீட்டு நிலைகள் பெரும்பாலும் நன்றாக வளர்ந்து முதிர்ந்த மரத்தின் வைரத்தில், அதாவது நடுவிலுள்ள கெட்டியான பகுதியில் செய்தவை. இன்றைக்கு அதே தடிமனில் அதே தரத்தில் வைரம் பாய்ந்த கட்டை கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் விலை பயமுறுத்தும். கீழே ஒன்றரை அடி கெட்டதற்காக மேலே ஆறடி நல்ல வைரத்தை விறகாக்குவது எனக்கு மனசு வராத காரியம். ஒட்டுக்கு நான் சாய்வதற்கு முதல் காரணம் இது. இரண்டாவது காரணம், சுவரை உடைக்க வேண்டாம். பழைய வீட்டில் இதுதான் பெரிய லாபம்.

அந்தத் தச்சர் செய்ததை அப்படியே சொல்கிறேன். பென்சில் கோட்டுக்கு மேலே இன்னும் ஒரு சாண் தள்ளித்தான் வெட்டினார். பூஞ்சையின் இழைகள் கண்ணுக்குத் தெரியும் கெடுதலைத் தாண்டிப் போயிருக்கும், அதனால் கோட்டிலேயே வெட்டினால் மிச்சம் வைத்ததாகிவிடும். நேராகக் குறுக்கே வெட்டவில்லை. வெளிப்பக்கம் தாழ்ந்து உள்பக்கம் உயரும்படி நீளமான சாய்வாக வெட்டினார். மழை பட்டால் அந்தச் சாய்வில் தண்ணீர் வெளியே வழியும். தட்டையாக வெட்டி ஒட்டினால் இணைப்பே தண்ணீர் தேங்கும் திண்ணையாகிவிடும்.

ஒட்டுக் கட்டைக்கு அவர் புது மரம் வாங்கவில்லை. பழைய வீடு இடித்த இடத்திலிருந்து வந்த உத்திரத் துண்டு ஒன்றை எடுத்து, ஆணி இருக்கிறதா என்று பார்த்து, வைரத்தைச் சுற்றியிருக்கும் வெளிர் நிற இளமரமான வெளிறை முழுக்கச் சீவி எறிந்துவிட்டு வைரத்தை மட்டும் வைத்துக்கொண்டார். எந்த மரமானாலும் வெளிறு நிலைக்காது, தேக்கின் வெளிறும் அப்படித்தான். பிறகு ஒட்டுக் கட்டையின் சாய்ந்த முகத்தில் சாக்பீஸைத் தடவி, நிலையில் வைத்து அழுத்தி எடுத்தார். நிலையின் முகத்தில் வெள்ளை பட்ட இடமெல்லாம் மேடு. அதை மட்டும் இழைப்புளியால் ஒரு சீவு. மறுபடி சாக்பீஸ், மறுபடி சீவு. ஐந்தாவது தடவை வெள்ளை முகம் முழுக்கப் படிந்தது. அப்புறம்தான் பசையைத் திறந்தார்.

பசை விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். வீட்டுக்குள் மேசை நாற்காலிக்குப் போடும் சாதாரண வெள்ளைப் பசை மழை படும் இடத்தில் விட்டுவிடும். எப்பாக்சிப் பசை, ரிசார்சினால் பசை, தண்ணீர் தாங்கும் பாலியூரித்தேன் பசை இவற்றில் ஒன்று வேண்டும். கூடவே மர முளையோ துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவோ போட்டு இறுக்க வேண்டும். இரும்பு ஆணி வேண்டாம். ஈரத்தில் இரும்பு துருப்பிடிப்பதோடு, மரத்தின் துவர்ப்புச் சத்தோடு சேர்ந்து சுற்றிலும் கறுத்து, ஆணித் துளை பெரிதாகிக்கொண்டே போகும்.

கடைசியாக அடிமுனை. மரம் தண்ணீர் குடிப்பது பக்கவாட்டிலிருந்து கொஞ்சம்தான். நார் வெட்டுப்பட்ட முனை வழியாகப் பல மடங்கு குடிக்கும். நிலைக்காலின் வெட்டு முனை நேராகத் தரையில் உட்கார்ந்திருந்ததுதான் எங்கள் வீட்டில் நோயின் வேர். இந்தத் தடவை அடிமுனைக்கு மெல்லிய எப்பாக்சியை அது குடிப்பதை நிறுத்தும் வரை பூசி, ஒரு கருங்கல் துண்டின்மேல் உட்கார வைத்தோம். கூரை ஓரத்தில் தண்ணீர் இறங்கும் தகரமும் போட்டாயிற்று. அது இல்லாமல் இந்த ஒட்டு வேலை முழுமையாகியிருக்காது.

மறைவான செலவு இங்கே பொருளில் இல்லை, நேரத்தில். ஒரு நிலைக்காலுக்கு இரண்டு நாள் ஆனது. வெட்டும்போது மேலே முட்டுக் கொடுக்க வேண்டும். வார்னிஷ் மட்டும் அடிப்பதானால் ஒட்டு தெரியும், எவ்வளவு நிறம் பார்த்துச் செய்தாலும் தெரியும். எனக்கு அது குறையாகப் படவில்லை, சிலருக்குப் படலாம். ஈரம் ஏறுவதை நிறுத்தவே முடியாத சுவரில் ஒட்டுப் போடுவது பணத்தைத் தண்ணீரில் போடுவதுதான்.

## வழி 3: புது மரத்தில் செய்து மாற்றுவது

நிலைக்காலில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விட்டால், மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் இரண்டுமே போய்விட்டால், கரையான் நடுவே குடைந்து ஓடு மட்டும் மிச்சமிருந்தால், மாற்றத்தான் வேண்டும். அதில் தயங்க ஒன்றுமில்லை. நூறு வருடக் கதவானாலும் உள்ளே காலியாக இருந்தால் வீட்டுக்கு ஆபத்து.

ஆனால் புது மரம் என்றதும் நிம்மதி வந்துவிடக்கூடாது. மரத்தின் ஈரத்தைப் பற்றிக் கேட்காமல் அளவு கொடுத்துவிட்டு வருபவர்கள் அதிகம். பச்சை மரத்தில் செய்த கதவு முதல் உலர்காலத்திலேயே பிளந்து காட்டும். காற்றில் காயவைத்தால் ஓர் அங்குலத் தடிமனுக்கு ஒரு வருடம் என்பது பழைய கணக்கு, எல்லா மரத்துக்கும் பொருந்தாவிட்டாலும் தோராயத்துக்கு நல்லது. சூளையில் உலர்த்திய மரமானால், அதை வாங்கி வந்த அன்றே அறுக்க விடாதீர்கள். வீட்டுக்குள் இடைக்கட்டை வைத்து அடுக்கி இரண்டு மூன்று வாரம் விட்டால் அந்த வீட்டுக் காற்றுக்குப் பழகிவிடும். இரண்டு ஊசியுள்ள ஈரமானி ஒன்று வாங்கி வைத்துக்கொள்வது இந்த வேலை முழுவதுக்கும் கை கொடுக்கும். ஈரப்பதம் 80 சதவீதம் ஓடும் வீட்டுக்கு 12 முதல் 15 சதவீதத்தில் இருக்கும் மரம் சரி. 8 சதவீதம் வரை வறட்டிய மரத்தைக் கொண்டுவந்து இறுக்கமாகப் பொருத்தினால் மழைக்காலத்தில் உப்பி நிற்கும்.

கதவின் அமைப்பையும் மாற்றச் சொல்வார்கள், விடாதீர்கள். மரத்தில் நீளவாட்டில் அசைவு கிட்டத்தட்ட இல்லை, அகலவாட்டில்தான் எல்லாம். தேக்கு அசைவு குறைந்த மரம். பச்சையிலிருந்து முழுக்கக் காயும்போது அதுவே ஆண்டு வளையங்களை ஒட்டிய திசையில் 5.8 சதவீதம் சுருங்கும். ஆண்டுக்குள் மரத்தின் ஈரம் 6 சதவீதப் புள்ளி ஏறி இறங்கினால், 90 சென்டிமீட்டர் அகலத்துக்குப் பலகைகளைச் சேர்த்து ஒட்டிய ஒரே பாளக் கதவு 10 மில்லிமீட்டர் வரை அசையும். அதே அகலத்தில் சட்டமும் உள்பலகையுமாகச் செய்த பழைய பாணிக் கதவில், அகலத்தை முடிவு செய்வது கதவின் இரு ஓரத்திலும் நெட்டாக நிற்கும், 10 சென்டிமீட்டர் அகலமுள்ள இரண்டு சட்டங்கள் மட்டும்தான். அதனால் அசைவு இரண்டரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். உள்பலகை சட்டத்தில் வெட்டிய காடியில் (நீளப் பள்ளத்தில்) ஒட்டப்படாமல் சும்மா உட்கார்ந்திருப்பதால் அது தன் பாட்டுக்கு விரிந்து சுருங்கும். அதைப் பசை போட்டு ஒட்டினாலோ, பெயின்ட் காடியில் இறுகிப் பிடித்துக்கொண்டாலோ பலகை நடுவில் பிளக்கும்.

மறைவான செலவுகள் இந்த வழியில்தான் அதிகம். நிலையைப் பெயர்த்தால் சுற்றிலும் பூச்சு உதிரும், பக்கத்துத் தரைக்கல் உடையும். சுண்ணாம்புச் சுவரை மறுபடி சுண்ணாம்பால்தான் பூச வேண்டும், அதற்கு ஆள் தேடவேண்டும். புது நிலையின் அளவு கொஞ்சம் மாறினால் பழைய கதவு உட்காராது, கதவும் புதுசு என்றாகிவிடும். பழைய பித்தளைக் கீலையும் தாழ்ப்பாளையும் முதல் நாளே கழற்றிப் பத்திரமாக எடுத்து வைத்துவிடுங்கள்.

## வழி 4: மரத்தை விட்டுவிட்டு யுபிவிசி, அலுமினியம்

தண்ணீரை நிறுத்தவே முடியாத இடங்கள் உண்டு. குளியலறைக் கதவு, துணி துவைக்கும் இடத்து ஜன்னல், சாரல் நேராக அடிக்கும், ஓரக்கூரை போட வழியில்லாத சுவர். அங்கெல்லாம் மரத்துக்காக நான் வாதாட மாட்டேன். யுபிவிசியும் அலுமினியமும் இற்றுப்போகாது, கரையானும் தொடாது.

விற்பவர்கள் சொல்லாதவை சில. யுபிவிசி வெயிலில் நிறைய விரியும்: 2 மீட்டர் சட்டம் 30 டிகிரி வெப்ப வித்தியாசத்தில் ஏறக்குறைய 4 மில்லிமீட்டர் நீளும். அலுமினியம் ஒன்றரை. மரம் நார்ப்போக்கில் அரை மில்லிமீட்டர்கூட இல்லை. அதனால் யுபிவிசிக்குச் சுற்றிலும் இடைவெளி விட்டுச் சீலன்ட் போட வேண்டும், அந்தச் சீலன்ட் சில வருடத்தில் காய்ந்து விட்டுவிடும். பழைய சுவரில் எந்தத் திறப்பும் சரியான செவ்வகமாக இருக்காது, இடைவெளி ஒரு மூலையில் ஒரு விரலும் இன்னொரு மூலையில் நான்கு விரலுமாக வரும். யுபிவிசி சட்டத்துக்குள் பலத்துக்கு வைக்கும் எஃகுப் பட்டை ஸ்க்ரூ துளை வழியாக ஈரம் போனால் துருப்பிடிக்கும். அலுமினியச் சட்டம் குளிர்சாதன அறையில் இருந்தால் வெளிப்பக்கம் வியர்க்கும், அந்தத் துளிகள் கீழே இருக்கும் சுவரையும் மரத்தையும் நனைக்கும்.

உடைந்தால் இன்னொரு தொல்லை. மரச்சட்டத்தை எந்தத் தச்சரும் சரிசெய்வார். இந்தச் சட்டங்களில் கைப்பிடியோ உருளியோ போனால் அதே வடிவம் கிடைக்கிறதா என்று அலைய வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். பழைய மர நிலையை எடுக்காமல் அதன்மேலேயே யுபிவிசி சட்டத்தைப் பொருத்தி மூடிவிடும் வேலை. செலவு குறைவு, பூச்சு உடையாது, ஒரே நாளில் முடியும். ஆனால் உள்ளே கெட்ட மரம் அப்படியே காற்றோட்டமில்லாமல் கெட்டுக்கொண்டிருக்கும், கரையான் வந்தாலும் வெளியே தெரியாது.

## ஒரே பார்வையில்

| | எப்பாக்சி | ஒட்டு | புது மரம் | யுபிவிசி, அலுமினியம் |
|---|---|---|---|---|
| எங்கே பொருந்தும் | ஆழம் குறைந்த, சுமையில்லாத பள்ளம் | அடிப்பகுதி மட்டும் கெட்டு மேலே வைரமாக இருக்கும் சட்டம் | இணைப்புகள் போனது, உள்ளே காலியானது | தண்ணீரை நிறுத்த முடியாத இடம் |
| எங்கே வேண்டாம் | ஈர மரம், நிலையின் அடி | ஈரம் ஏறிக்கொண்டே இருக்கும் சுவர் | சிறு கெடுதல் | முன்வாசல், வேலைப்பாடுள்ள இடம் |
| மறைவான செலவு | காய வைக்கும் வாரங்கள் | நல்ல கை, நேரம், முட்டு | பூச்சு, தரை, சில சமயம் கதவும் | கோணல் திறப்பை நிரப்புவது, உதிரிப் பாகம் |
| சுவரை உடைக்க வேண்டுமா | வேண்டாம் | வேண்டாம் | ஆமாம் | ஆமாம் |
| பிறகு பராமரிப்பு | பெயின்ட் விரிசலைப் பார்த்துக்கொண்டே இருப்பது | சில வருடத்துக்கு ஒருமுறை பூச்சு | அதேபோல் | சீலன்ட், உருளி, ஸ்க்ரூ |

இந்த அட்டவணையை வீட்டுக்கு ஒருமுறை போட்டுப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு சட்டத்துக்கும் தனித்தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரே ஜன்னலில் கீழ்ச்சட்டம் புது மரமாகவும், பக்கச்சட்டத்தின் அடி ஒட்டாகவும், மேலே ஆணி பெயர்ந்த பள்ளம் எப்பாக்சியாகவும் வருவது சகஜம். "மொத்தமா இதுதான்" என்று வீட்டைச் சுற்றிப் பார்க்காமலே சொல்பவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

## புதிதாக அலமாரி செய்வதானால்

சட்டங்களையும் கதவு முகப்பையும் மரத்தில் செய்து, உடலை நீர் தாங்கும் தரத்து ப்ளைவுட்டில் செய்வது ஈரமான வீட்டுக்கு நல்ல கலவை. அழுத்திய மரத்தூள் பலகைகள் ஒரு தடவை நனைந்தால் உப்பிவிடும், திரும்பச் சுருங்காது. எதில் செய்தாலும் பழைய சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள். பின்னால் ஓர் அங்குலம் காற்றோட வழி விட்டு, அடியைக் கால் வைத்துத் தூக்கி, முதுகுப் பலகையின் பின்பக்கத்துக்கும் பூச்சு அடிக்கச் சொல்லுங்கள். கண்ணுக்குத் தெரியாத பக்கம்தானே என்று ஒரு பக்கம் மட்டும் அடித்தால், அடிக்காத பக்கம் ஈரத்தைக் குடித்துப் பலகை வளையும்.

## எந்த வழியானாலும் சேர்ந்து வரும் வேலைகள்

பழைய பெயின்டைச் சுரண்டும்போது எச்சரிக்கை வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம். காய்ந்தபடி உப்புத்தாள் போட்டால் ஈயத் தூள் வீடெல்லாம் பரவும், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இது பெரிய கெடுதல். நனைத்துத் தேயுங்கள், முகமூடி போடுங்கள், தூளைப் பெருக்காமல் ஈரத்துணியால் எடுங்கள்.

வெட்டித் திறந்த நல்ல மரத்தில் போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலை இரண்டு மூன்று தடவை தடவுவது பூஞ்சைக்கும் உளுவண்டுக்கும் காவல். மழை நேராகப் பட்டால் அது கரைந்து போய்விடும், அதனால் காய்ந்ததும் மேலே பூச்சு வேண்டும்.

ஆளிவிதை எண்ணெய் அடிப்பது பழைய வழக்கம், மரம் அழகாக இருக்கும். ஆனால் ஈரக்காற்றில் அது பூஞ்சணத்துக்குத் தீனியாகிக் கறுத்துவிடும், வெளிமரத்துக்கு நான் சொல்ல மாட்டேன். உள்ளே அடித்தால், துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகச் சூடேறித் தீப்பிடிக்கலாம். விரித்துக் காயப்போட்டுவிட்டு அப்புறம் எறியுங்கள்.

## மழைக்காலத்தில் இறுகும் கதவு

இதற்காகவே தச்சரை அவசரமாகக் கூப்பிடுபவர்கள் அதிகம். வந்தவர் இழைப்புளியை எடுத்து விளிம்பைச் சீவிவிட்டுப் போவார், கதவும் சரியாக மூடும். நான்கு மாதம் கழித்து அதே கதவில் விரல் போகும் இடைவெளி தெரியும்.

கதவு இறுகினால் முதலில் கீலைப் பாருங்கள். மேல்கீலின் ஸ்க்ரூ தளர்ந்து கதவு தலைசாய்ந்திருந்தால் பூட்டுப் பக்கம் மேல்மூலைதான் உரசும், ஸ்க்ரூவை இறுக்கினாலே போதும். துளை தளர்ந்திருந்தால் பசை தடவிய மரக்குச்சியை அடித்து நிரப்பி, மறுநாள் ஸ்க்ரூ போடலாம். விளிம்பு முழுக்கச் சமமாக இறுகியிருந்தால் அது ஈரத்தில் உப்பியது. கதவின் மேல்விளிம்பையும் அடிவிளிம்பையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே பெயின்டே இருக்காது. அந்தக் கதவை உலர்காலம் வரை தொடாமல் விடுங்கள். அப்போதும் உரசினால், உரசும் அளவு மட்டும் சீவி, சீவிய விளிம்புக்கும் அதுவரை பெயின்ட் பார்க்காத மேல், அடி விளிம்புகளுக்கும் அன்றைக்கே ப்ரைமரும் இரண்டு கோட் பெயின்டும் அடித்துவிடுங்கள்.